வேகம் எங்கிருந்து வந்தது?

இல்ல விளையாட்டுப் போட்டி நாட்களில் மைதானத்து வேலியோரம் நின்றால் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். அஞ்சலோட்டம் முடிந்து பிள்ளைகள் மூச்சிரைக்க நிற்பார்கள். தொலைக்காட்சியில் ஒலிம்பிக் பார்த்த நினைவோடு யாராவது ஒரு வாப்பா பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார்: "என்னதான் பழகினாலும் ஓட்டமென்றால் கறுப்பர்கள்தான். அது அவங்கட இரத்தத்திலேயே இருக்கு." அவர் புகழ்ந்துதான் சொல்கிறார். ஆனால் அந்தப் புகழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால் மனம் சங்கடப்படும்.

ஒரு காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வெள்ளையர்கள் பலர் இதற்கு நேர்மாறாகவே சொல்லிவந்தார்கள். கறுப்பினத்தவரின் உடல் தளர்ந்தது, போட்டியில் வெள்ளையருக்கு ஈடாக அவர்களால் நிற்க முடியாது என்பதே அன்றைய 'விஞ்ஞானம்'. 1904இல் சென் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஜோர்ஜ் போஜ் தடைதாண்டல் ஓட்டங்களில் இரண்டு வெண்கலப் பதக்கங்களைப் பெற்றார். 1908இல் இலண்டனில் ஜோன் டெய்லர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்றார். மிருக வைத்தியம் படித்துப் பட்டம் பெற்ற அந்த இளைஞர் அதே ஆண்டின் இறுதியில் நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனார். 1924இல் பாரிஸில் டிஹார்ட் ஹபார்ட் நீளம் பாய்தலில் தங்கம் பெற்றார். 1936இல் ஹிட்லரின் பேர்லினில் ஜெசி ஓவன்ஸ் நான்கு தங்கங்களை வென்றபோது பழைய 'விஞ்ஞானம்' வாய்பேச முடியாமல் நின்றது. உடனே அது தலைகீழாகப் புரண்டது. கறுப்பினத்தவரின் குதிக்கால் எலும்பு நீளமானது, கெண்டைக்கால் தசை வேறுவிதமானது, ஆகவேதான் ஓடுகிறார்கள் என்றார்கள். தோற்றாலும் உடல்தான் காரணம், வென்றாலும் உடல்தான் காரணம். அவர்கள் பட்ட பாட்டுக்கு மட்டும் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

இதை அளந்தே பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டவர் மொன்டேகு கொப். ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த இவரும் கறுப்பினத்தவரே. 1936இல் இவர் ஜெசி ஓவன்ஸின் கால்களை அளந்தார், எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். 'கறுப்பருக்கே உரியவை' என்று சொல்லப்பட்ட குதிக்காலும் கெண்டைக்காலும் ஓவன்ஸிடம் இருக்கவில்லை. புகழ்பெற்ற கறுப்பின வீரர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் உடற்கூற்று அடையாளத்தையும் அவரால் காண முடியவில்லை. பயிற்சியையும் ஊக்கத்தையும் பாருங்கள் என்று எழுதிவைத்தார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நமது வேலியோரம்வரை அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இரத்தம் இல்லையென்றால் வேறு எது? அதற்கு விடை தேட இரண்டு பெண்பிள்ளைகளின் கதை போதும். அதற்கு முன், அவர்களுக்கு வழிவிட்ட வேறு இருவரைப் பற்றி ஒரு சொல். டைடி பிக்கெட், லூயிஸ் ஸ்டோக்ஸ் ஆகிய இருவரும் 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குத் தெரிவானார்கள். போகும் வழியில் டென்வர் நகரத்து ஹோட்டலில் அணியின் மற்றப் பெண்கள் விருந்துண்ண, இவர்கள் மேல்மாடி அறையொன்றில் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். கடைசி நேரத்தில் அஞ்சலோட்ட அணியிலிருந்தும் இருவரும் விடப்பட்டு, அவர்களின் இடத்தில் வெள்ளைப் பெண்கள் ஓடினார்கள். பார்வையாளர் பகுதியில் இருந்து அதைப் பார்ப்பது எத்தகைய வேதனை என்பதை, கடைசி நிமிடத்தில் இல்ல அணியிலிருந்து பெயர் வெட்டப்பட்ட பிள்ளை ஓரளவு அறிவாள்.

அலிஸ் கோச்மன் 1923இல் தென்மாநிலமான ஜோர்ஜியாவின் அல்பனி என்ற ஊரில், பத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்தாள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு மைதானம் இல்லாத ஊர் அது. செம்மண் பாதையில் வெறுங்காலுடன் ஓடினாள். தடிகளை நட்டு, கயிற்றையும் பழந்துணியையும் குறுக்கே கட்டி உயரம் பாய்ந்து பழகினாள். தந்தைக்கு இது அறவே பிடிக்கவில்லை. பெண்பிள்ளை அடக்கமாக வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய நியாயம். (இந்த இடத்தில் நமது மாணவியர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.) பிள்ளையின் பக்கம் நின்று பேசியவர்கள் இருவர்: ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவரும், உறவுக்காரப் பெண் ஒருவரும்.

பிறகு அவளை ஏற்றது டஸ்கீகி. கறுப்பினத்தவருக்கென அலபாமா மாநிலத்தில் ஏற்பட்ட கல்லூரி அது. அமெரிக்காவின் வெள்ளையர் கல்லூரிகள் பல, வேர்க்க விறுவிறுக்க ஓடுவது பெண்மைக்கு ஆகாது என்று மாணவியரைத் தடுத்துக்கொண்டிருந்த காலத்தில், டஸ்கீகி மாணவியருக்கான ஓட்ட அணியை வளர்த்துக்கொண்டிருந்தது. அலிஸுக்கு அங்கே கிடைத்த உதவி இலவசமாகக் கிடைத்ததல்ல. நீச்சல் தடாகத்தைக் கழுவினாள், உடற்பயிற்சி மண்டபத்தைக் கூட்டினாள், காற்பந்து அணியின் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தாள். 1939இலிருந்து பத்து ஆண்டுகள் தொடர்ந்து உயரம் பாய்தலில் தேசிய சம்பியன் அவளே. ஆனால் உலக யுத்தம் 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளையும் விழுங்கிவிட்டது. அவள் உச்சத்தில் இருந்த காலம் அப்படியே போயிற்று.

1948இல் இலண்டனில் ஒலிம்பிக் கூடியபோது அலிஸுக்கு இருபத்து நான்கு வயது. நமது டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்று, சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே இலங்கையின் பெயரைப் பதக்கப் பட்டியலில் ஏற்றினாரே, அதே ஒலிம்பிக்தான். ஓகஸ்ட் 7ஆம் திகதி, அதே வெம்பிளி மைதானத்தில், அலிஸ் 1.68 மீற்றர் பாய்ந்தாள். பிரித்தானியாவின் டொரதி டைலரும் அதே உயரத்தைக் கடந்தார். ஆனால் அலிஸ் முதல் முயற்சியிலேயே கடந்ததால் தங்கம் அவளுக்கானது. உலகில் எந்த நாட்டிலிருந்தும் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாவது கறுப்பினப் பெண் அவளே. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் பதக்கத்தை வழங்கினார்.

மன்னர் கைகொடுத்த பிள்ளைக்கு ஊர் என்ன செய்தது? அட்லாண்டாவிலிருந்து அல்பனிவரை கார்கள் ஊர்வலம் வந்தன. பாதையோரமெங்கும் சனம் கூடிக் கையசைத்தது. ஆனால் வரவேற்பு மண்டபத்தில் வெள்ளையர் ஒரு புறம், கறுப்பர் ஒரு புறமாகப் பிரித்து அமர்த்தப்பட்டார்கள். மேடையில் இருந்த மேயர் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. விழா முடிந்ததும் அந்த மண்டபத்தின் பக்கக் கதவால் வெளியேறிப் போனாள், அந்த விழாவின் நாயகி.

இரண்டாவது பிள்ளை வில்மா ருடொல்ப். 1940இல் டெனசி மாநிலத்தில் குறைமாதத்தில் பிறந்தாள். தந்தையின் இருபத்திரண்டு பிள்ளைகளில் இருபதாவது. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் பிடித்து இடது கால் செயலிழந்தது. காலுக்கு இரும்புச் சட்டம் போட்டார்கள். கறுப்பினப் பிள்ளைக்கு வைத்தியம் செய்யும் வைத்தியசாலை ஏறத்தாழ ஐம்பது மைல் தூரத்தில், நாஷ்வில் நகரில் இருந்தது. வெள்ளையர் வீடுகளில் வேலைசெய்து பிழைத்த தாய், வாரந்தோறும் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். பஸ்ஸிலும் பின் ஆசனந்தான். காலை எப்படிப் பிடித்துவிடுவது என்று வைத்தியசாலையில் கற்றுவந்து, மூத்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாளுக்கு நான்கு முறை, ஆள்மாறி ஆள் அந்தக் காலைப் பிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதாகும்போது வில்மா துணையின்றி நடந்தாள். பதினாறு வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் பெற்றாள்.

இரத்தத்தில் இருந்ததாகச் சொல்லும் வேகம் இதில் எந்த இடத்தில் இருக்கிறது? எனக்குத் தெரிவது அந்தத் தாயின் பஸ் பயணமும், அக்காமார் அண்ணன்மாரின் கைகளுந்தான்.

வில்மா பிறகு டெனசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட் டெம்பிள் என்ற பயிற்றுவிப்பாளரிடம் சேர்ந்தாள். அங்கே ஒழுங்கான ஓட்டப்பாதைகூட இல்லை. வெளியூர்ப் போட்டிகளுக்கு மாணவியரைக் காரில் ஏற்றிச் செல்லும்போது சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போக வேண்டும். வழியிலிருந்த உணவகங்களோ கழிவறைகளோ அவர்களுக்குக் கதவு திறக்கமாட்டா. டெம்பிள் பிந்தி வருபவளைப் பொறுக்கமாட்டார், படிப்பைக் கைவிடவும் விடமாட்டார். அவரது நாற்பத்து நான்கு வருட காலத்தில் நாற்பது மாணவியர் ஒலிம்பிக்குக்குப் போனார்கள், இருபத்து மூன்று பதக்கங்கள் வென்றார்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோருமே பட்டமும் பெற்றார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. பெற்றோர் இந்த வரியை இன்னொரு முறை வாசிக்க வேண்டுகிறேன்.

1960இல் றோம் நகரில் வில்மா 100 மீற்றர், 200 மீற்றர், அஞ்சலோட்டம் மூன்றிலும் தங்கம் வென்றாள். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூன்று தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவள். அஞ்சலோட்டத்தில் கோலை வாங்கும்போது தடுமாறி, அது கைநழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டு ஓடி, முந்தினாள். அணியில் ஓடிய நால்வரும் டெம்பிளின் மாணவியர்.

சொந்த ஊரான கிளார்க்ஸ்வில் வரவேற்புக்கு ஆயத்தமானது. வழக்கப்படி வெள்ளையருக்கு வேறாக, கறுப்பருக்கு வேறாக. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அலிஸ் பக்கக் கதவால் போனாள். இருபது வயது வில்மாவோ, பிரித்து வைத்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நகரம் யோசித்தது. வீரமங்கை இல்லாமல் வரவேற்பு நடத்த முடியாது. ஒக்டோபர் 4ஆம் திகதி ஊர்வலத்தில் இரு இனத்தவரும் கலந்து நின்றார்கள். இரவு விருந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே மண்டபத்தில் இருந்து உண்டார்கள். கிளார்க்ஸ்வில்லின் வரலாற்றில் இப்படி நடந்தது அதுவே முதல் தடவை. இரண்டு வருடங்களில் வில்மா ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்றாள். பட்டத்தை முடித்துக்கொண்டு, ஒரு பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.