கறிக்கடையை அறிந்து வாங்குதல்

பினாங்கிலே நாசிக் கண்டார் கடை வைத்திருக்கும் நம்மிடம் வாடிக்கைக்காரர் குழம்பைத்தான் கேட்கிறார். கறி எங்கே வாங்கியது என்று கேட்பதில்லை. கேளாமல் உண்பது நம்மேல் வைத்த நம்பிக்கை, அமானத். ஆகையால் அந்தக் கேள்வியை நாமே கறிக்கடையில் கேட்டாக வேண்டும்.

2020 டிசம்பரில் ஜொகூர் மாநிலத்துச் செனாயில் ஒரு கிடங்கு சோதனையிடப்பட்டு, போலி ஹலால் முத்திரை விவகாரம் வெளிவந்தது யாவரும் அறிந்ததே. அதற்குச் சில வருஷங்கள் முன்பே நமக்கொரு படிப்பினை கிடைத்திருந்தது. தரகர் ஒருவர் மலிவாய்க் கொடுத்த பெட்டிக்கறியை மாட்டுக்கறியென்று நம்பி வாங்கிச் சமைத்தோம். பழைய வாடிக்கைப் பெரியவர் ஒரு துண்டை மென்றுவிட்டு, "தம்பி, இது எருமையல்லவா?" என்றார். வெட்கமாய்ப் போயிற்று. எருமைக்கறி ஹலால்தான், அதை மாடென்று விற்பதுதான் தவறு.

வித்தியாசம் காண்பது கஷ்டமில்லை. எருமைக்கறி கருஞ்சிவப்பு, அதன் கொழுப்பு வெள்ளை வெளேரென்றிருக்கும். மாட்டுக் கொழுப்பில் மஞ்சள் ஓடும். புல் மேய்ந்த மாடானால் இன்னும் அதிகம். புல்லிலுள்ள மஞ்சள் சத்தை எருமையின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதே காரணம். ஆட்டிலும் கவனம் வேண்டும். மலாயில் 'காம்பிங்' என்று கேட்டால் செம்மறியும் வரும், வெள்ளாடும் வரும். செம்மறிக்குக் கொழுப்பு கறியைப் போர்த்தியிருக்கும். வெள்ளாட்டுக்கு மேலே குறைவு, வயிற்றுக்குள்தான் சேரும். பரோட்டாக் குருமாவுக்கு நாம் வெள்ளாடே வாங்குகிறோம். விலை கூடுதல்தான்.

அன்றறுத்த கறியை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும்பும். உறைந்து இளகிய கறி தட்டில் சிவந்த நீர் விட்டுக்கொண்டேயிருக்கும். அறுத்த சில மணி நேரத்தில் கறி விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பேற்றினால் வேகாது. ஆகவே "எப்போது அறுத்தீர்கள்?" என்பது மார்க்கக் கேள்வி மட்டுமன்று, சமையல் கேள்வியுங்கூட.

அடுத்து, எந்தக் கொட்டிலில், யார் அறுத்தது, கால்நடைத் துறையின் பரிசோதனை முத்திரை எங்கே என்று கேளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் முழுதும் அறுபட வேண்டும். ஹனஃபியில் இரு இரத்தக்குழாய்களையும் சேர்த்து நான்கில் மூன்றாவது அறுபட வேண்டும். பாசாரில் தாமே அறுப்பித்து விற்கும் சிறு கடைக்காரர் இதற்கெல்லாம் நின்று பதில் சொல்வார். பெட்டி பதில் சொல்லாது. மலேசியாவில் 2012 ஜனவரி முதல் ஹலால் சான்றளிக்கும் அதிகாரம் ஜாக்கிமுக்கும் மாநில இஸ்லாமிய அமைப்புகளுக்குமே உண்டு. வேறு முத்திரையைக் கண்டு மயங்க வேண்டாம்.

இந்தச் சிறு கடைக்காரர்கள் நம் கொள்முதலில்தான் பிழைக்கிறார்கள். நாமெல்லாம் பெட்டிக்குப் போனால் அவர் கடை மூடுவார். அப்புறம் கேட்க ஆளிராது. நாம் வெள்ளிக்கிழமைக் கறிக்குப் புதன் மாலையே சொல்லிவிடுகிறோம். பணத்தைக் கையோடு கொடுத்துவிடுகிறோம். சொன்ன எடைக்குச் சொன்ன ஆடு வருகிறது.