தாமிரத் தகட்டில் காந்த குணம்

கேள்வி: உலோக உப்பும் கரிமப் பொருளும் அடுக்கடுக்காய் அமைந்த படிகங்களுக்குக் காந்த குணம் உண்டாமே, இரும்பே இல்லாமல் அது எப்படிச் சாத்தியம்?

பதில்: காந்த சக்தி இரும்பின் ஏகபோக சொத்து அன்று, ஜோடி சேராத எலெக்ட்ரான் எங்கே உண்டோ அங்கே அதற்கு வித்தும் உண்டு. தாமிரக் குளோரைடையும் எதில் அமீன் ஹைட்ரோகுளோரைடையும் ஆல்கஹாலில் கரைத்து நிதானமாக ஆறவிட்டால், அப்பளம்போல் மெல்லிய பொன்மஞ்சள் தகடுகளாகப் படிகம் இறங்கும். தாமிரமும் குளோரினும் சேர்ந்த தளம், அதன்மேல் கரிமச் சங்கிலிகள், மறுபடி தாமிரத் தளம் என்பது அதன் அமைப்பு. ஒவ்வொரு தாமிர அயனியையும் சூழ்ந்த ஆறு குளோரின்களில் இரண்டு சற்று விலகி நிற்க, அந்த விலகலின் திசை அண்டை அயனிகளில் மாறி மாறிக் குறுக்காக அமைவதால், ஒன்றன் தனி எலெக்ட்ரான் உலவும் ஆர்பிட்டல் மற்றதனோடு நேர்ப்படாமற் போய், அதன் பயனாகவே தளத்துக்குள் அயனிகள் யாவும் ஒரே திசையை நோக்குகின்றன. (மாங்கனீஸை வைத்தாலோ, அண்டை அயனிகள் எதிரெதிரே திரும்பிக்கொள்ளும்!)

தளங்களுக்கிடையிலான பிணைப்பு, தளத்துக்குள் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அடுத்தடுத்த தளங்கள் எதிர்த்திசையில் நின்றபோதிலும், சிறு காந்தப் புலம் காட்டினால் இசைந்துவிடும். ஏறக்குறைய இரு பரிமாணக் காந்தமாகிய இவ்வகைப் பதார்த்தங்களை டி யோங், மீடெமா என்னும் டச்சு பௌதிகர்கள் 1974-ல் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில் விஸ்தாரமாகப் பரிசீலித்திருக்கிறார்கள். ஆனால் இக்குணம் தலைகாட்டுவது சுமார் 10 கெல்வினுக்கு, அதாவது பூஜ்ய டிகிரி சென்டிகிரேடுக்கும் 263 டிகிரி கீழே சென்ற பிறகுதான்; வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க உதவாது.