வீட்டிலிருந்தே ஜெர்மன் கற்றல்: தமிழிலக்கணம் தரும் துணை

முன்னுரை

ஆசிரியரும் வகுப்பறையும் இன்றி அயல்மொழி ஒன்றைக் கற்றல் இயலாது என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் சென்று கட்டணம் செலுத்திப் பயில வாய்ப்பில்லாத மாணவர், ஜெர்மன் மொழியை எட்டாக்கனி என ஒதுக்கிவிடுகின்றனர். தமிழ்வழியில் பயின்றோர்க்கு, ஆங்கிலப் புலமை இல்லாமல் அம்மொழி கைகூடாதோ என்ற அச்சமும் உண்டு. முதல் தடையை இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் பாடங்கள் நீக்குகின்றன. இரண்டாம் தடையை நாம் பள்ளியிலேயே கற்ற தமிழிலக்கணம் நீக்குகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலத்தின் தேவை

இன்று ஜெர்மன் மொழியறிவு வாழ்க்கைக்கு வழிகாட்டும் கருவியாகவும் உள்ளது. ஜெர்மனி சென்று வேலை தேட விழைவோர்க்காக அந்நாட்டு அரசு 2024 ஜூன் முதல் நாளில் 'வாய்ப்பு அட்டை' என்னும் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பட்டம் அல்லது தொழிற்பயிற்சி பெற்றோர் இதற்கு விண்ணப்பிக்க ஆங்கிலத்தில் பி2 நிலைத் தேர்ச்சி இருக்கலாம். அஃதில்லாதவர்க்கு ஜெர்மனில் ஏ1 என்னும் தொடக்க நிலையே போதுமானது. செவிலியராகப் பணியாற்ற விரும்புவோரிடம் பெரும்பாலும் ஜெர்மன் பி2 நிலை எதிர்பார்க்கப்படுகிறது. ஆதலின், வீட்டிலிருந்தே கற்கலாம் என்னும் செய்தி எளிய குடும்பத்து மாணவர்க்குப் பெரும் பயன் தருவதாகும்.

ஒரு முன்னோடி

ஜெர்மானியர் ஒருவர் தமிழ் கற்ற வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவருடன் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716இல், அவர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. கேட்டல், உரக்கச் சொல்லல், எழுதல் என்னும் மூன்றையும் இடையறாது செய்ததே அவர் கண்ட வெற்றியின் மறைபொருள். நமக்கும் அதுவே வழி.

ஒலிகள்

ஜெர்மன் பெரும்பாலும் எழுதியவாறே ஒலிக்கும் மொழி. சில எழுத்துகளை மட்டும் நினைவில் இருத்தினால் போதும். 'டபிள்யூ' என்னும் எழுத்து வகரமாகவும், 'இசட்' என்னும் எழுத்து 'ட்ஸ' எனவும் ஒலிக்கும். நாவை இகரத்திற்கு வைத்து, இதழை உகரத்திற்குக் குவித்தால் மேலே இருபுள்ளி பெற்ற 'யூ' பிறக்கும். நூலைக் குறிக்கும் 'பூஹ்' என்னும் சொல்லின் ஈற்றொலி, அறபு நெடுங்கணக்கின் 'கா' என்னும் எழுத்தொலியை ஒத்தது. மதரஸாவில் ஓதப் பழகிய நாவிற்கு இது புதிதன்று.

வேற்றுமை

ஆங்கிலம் வழியே ஜெர்மன் கற்பவர் பெரிதும் இடர்ப்படுவது வேற்றுமையில்தான். எட்டு வேற்றுமை அறிந்த நமக்கு ஜெர்மனின் நான்கு வேற்றுமை சுமையாகா. ஆசிரியர் என்னும் பொருள்தரும் 'லேரர்' என்ற சொல்லைக் காண்போம். 'டேர் லேரர்' என்பது ஆசிரியர்; 'டென் லேரர்' ஆசிரியரை; 'டேம் லேரர்' ஆசிரியருக்கு; 'டெஸ் லேரர்ஸ்' ஆசிரியரது. இவை முறையே நம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளுக்கு இணையானவை. தமிழில் உருபு பெயருக்குப் பின்னே ஒட்டும். ஜெர்மனில் பெயருக்கு முன்னே நிற்கும் சிறுசொல்லே பெரும்பாலும் மாறும். இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்தால் பாதித் தொல்லை தீரும்.

தொடரும் தொகையும்

முதன்மைத் தொடரில் வினை இரண்டாமிடத்தில் நிற்கும். ஆனால், சார்புத் தொடரில் அது நம் மொழியைப் போலவே இறுதிக்குச் செல்லும். 'ஏர் ஹொய்டெ நாஹ் ஹௌஸெ கொம்ட்' என்னும் சார்புத் தொடர்ப் பகுதி 'அவன் இன்று வீட்டிற்கு வருகிறான்' என்னும் அதே வரிசையில் அமைந்திருத்தல் காண்க. 'என்று' என்பது மட்டும் தமிழில் பின்னே வர, அதற்கு இணையான 'தாஸ்' ஜெர்மனில் முன்னே வரும்.

நீண்ட கூட்டுச்சொற்களைக் கண்டும் அஞ்ச வேண்டுவதில்லை. நோயாளரைக் குறிக்கும் 'கிராங்கென்', வீட்டைக் குறிக்கும் 'ஹௌஸ்' ஆகிய இரண்டும் இணைந்து 'கிராங்கென்ஹௌஸ்', அதாவது மருத்துவமனை ஆகிறது. ஈற்றுச்சொல்லே தலைமைச்சொல் என்பது இரு மொழிக்கும் பொது. ஆகவே, சொல்லைப் பின்னிருந்து பிரித்துப் பொருள் காண்க.

பால் பகுப்பு

நமக்கு உண்மையிலேயே புதியது பால் பகுப்பு. தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. ஜெர்மனில் பெரிதும் சொல்லைப் பொறுத்தது. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், நூல் பொதுப்பால். சிறுமியைக் குறிக்கும் சொல்லும் பொதுப்பாலே! ஆதலின் 'டிஷ்', 'லாம்பெ', 'பூஹ்' எனத் தனியே மனனம் செய்யாமல், 'டேர் டிஷ்', 'டீ லாம்பெ', 'டாஸ் பூஹ்' எனப் பால்சொல்லுடன் சேர்த்தே பயில வேண்டும். இதனைத் தொடக்கத்தில் புறக்கணிப்பவர்க்கு வேற்றுமையும் கைகூடாது. ஏனெனில் வேற்றுமைக்கேற்ப மாறுவது அச்சிறுசொல்லே.

பாடங்களும் பயிலும் முறையும்

'டாய்ச்ச வெல்ல' ஒலிபரப்பு நிறுவனத்தின் 'நிக்கோஸ் வேக்' என்னும் காணொளிப் பாடம் ஏ1 முதல் பி1 வரை விலையின்றிக் கிடைக்கிறது. ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்து, பையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் இளைஞனின் கதைவழியே அது மொழியைக் கற்பிக்கிறது. அந்நிறுவனமே மெதுவாக வாசிக்கப்படும் செய்திகளையும் வழங்குகிறது. இவை சற்று முன்னேறியோர்க்கு ஏற்றவை. ஜெர்மானிய முதியோர் கல்விக் கூடங்களின் இணையதளமான 'ஃபவுஹாஎஸ் லேர்ன்போர்ட்டால்' பயிற்சிகளையும் கட்டணமின்றித் தருகிறது. இவற்றுள் ஒன்றை முதன்மைப் பாடமாகக் கொண்டு முடித்த பின்னரே மற்றொன்றை நாடுதல் நன்று. பலவற்றைத் தொடங்கி எதையும் முடியாமல் விடுவதே வீட்டுக்கல்வியின் பெரும்பகை.

நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்குவோம். முதல் 20 நிமிடம் பாடத்தைக் கேட்டு, கூடவே உரக்கச் சொல்க. அடுத்த 20 நிமிடம் பத்துச் சொற்களைப் பால்சொல்லுடன் அட்டைகளில் எழுதி, பழைய அட்டைகளையும் திருப்புக. இறுதி 20 நிமிடம் அச்சொற்களால் ஐந்து தொடர்களைக் கையால் எழுதுக. கைப்பேசித் திரையைத் தொட்டு விடை தெரிவு செய்வது மட்டும் நாவையும் கையையும் பழக்காது.

வீட்டில் பயில்வோர்க்கு உள்ள குறை, பிழையைச் சுட்டுவார் இல்லாமை. அதனை நிறைவுசெய்ய, பயிலும் இருவர் அல்லது மூவர் வாரம் ஒருமுறை கூடி ஜெர்மனிலேயே உரையாட வேண்டும். தம் குரலைப் பதிவு செய்து, மூலப் பாடத்துடன் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என வழங்கும் கதே நிறுவனத்தின் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதல், பேசல் என நான்கு பகுதிகள் உள்ளன. 100இல் 60 புள்ளி பெற்றால் தேர்ச்சி. பேசுதலில் தம்மை அறிமுகம் செய்தல், வினவி விடை கூறல், ஒன்றை வேண்டிக் கேட்டல் ஆகியவை இடம்பெறும். வாய் திறந்து பழகாதவர் இங்கேதான் தடுமாறுவர். மாதிரி வினாத்தாளை அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே பெற்று, நேரம் குறித்து எழுதிப் பார்த்த பின் கட்டணம் செலுத்துதல் அறிவுடைமை.

முடிவுரை

தமிழிலக்கணம் தேர்வோடு முடிந்துவிடும் பாடம் என மாணவர் சிலர் கருதுகின்றனர். வேற்றுமையும் தொகையும் தொடரமைப்பும் தெளிவாகக் கற்றவர்க்கு, அவ்வறிவு கடல் கடந்த மொழிக்கும் திறவுகோல் ஆதலை மேலே கண்டோம். பொருள்வளம் குறைந்தது பற்றி மாணவர் எவரும் தயங்க வேண்டா. நாளும் ஒரு மணிநேரமும், உடன் பயிலும் தோழர் ஒருவரும், உரக்கச் சொல்லும் துணிவும் இருப்பின், வீட்டுத் திண்ணையே வகுப்பறையாகும். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் அந்த ஒரு மணிநேரத்தை மாணவர்க்கு, சிறப்பாக மாணவியர்க்கு, இடையூறின்றி அமைத்துத் தருதல் வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.