குற்றமுற்ற தூது

உயிலங்குளம் முதலாய மன்னார்ப் பெருநிலத்து ஊர்களில் முன்னாளில் மலேரியாக் காய்ச்சல் மக்களை வருத்தியது. இலங்கை அந்நோயினின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் சான்று வழங்கியது. எனினும், மலேரியா நிலவிய நாடுகளில் அதன் சுவடொன்று மக்கள் குருதியில் எஞ்சியுள்ளது. அதுவே தலசீமியா. அதற்கான பழுதுற்ற பரம்பரையலகை ஒற்றையாய் உடையோர் மலேரியாவின் கொடுமைக்கு ஓரளவு தப்பினர். ஆதலின் அது தலைமுறைதோறும் நிலைபெற்றது. இப்பழுதைக் கலம் எவ்வாறு கையாளுகின்றதென்பதை ஈண்டு நோக்குவாம்.

கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ.யிலிருந்து படியெடுக்கப்படுவது தூது ஆர்.என்.ஏ. றைபோசோம் அதனை மும்மூன்று எழுத்துக்களாகப் படித்து அமினோவமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உள. தலசீமியா உடையோர் பலரிடத்து, 'நிறுத்து' என்னும் குறி தூதின் இடையிலேயே தோன்றிவிடுகின்றது.

சுவடியில் ஓலைகள் பல எஞ்சியிருக்க, நடுவே 'முற்றிற்று' எனக் காணின் படிப்போர் ஐயுறுவர் அன்றோ? கலமும் அவ்வாறே. தூது உருவாகுங்கால் வேண்டாத பகுதிகள் நீங்க, ஏனையவை ஒட்டப்படும். ஒட்டுக்களின் அருகே புரதத் தொகுதிகள் அடையாளமாக அமரும். முதலிற் படிக்கும் றைபோசோம் அவற்றை அகற்றிக்கொண்டே செல்லும். செவ்விய தூதில் அடையாளம் எஞ்சாது. இறுதி ஒட்டுக்கு ஏறத்தாழ 50 எழுத்துக்களுக்கு மேல் முன்னதாக நிறுத்தற்குறி வரின், அடையாளம் எஞ்சும், யூ.பி.எவ்.1 முதலிய புரதங்கள் கூடி அத்தூதைச் சிதைப்பிக்கும். 1979 இல் மதுவத்திலும், 1981 இல் லின் மாக்குவாட் முதலியோரால் தலசீமியா நோயாளர் கலங்களிலும் இத்தகைய தூதுகள் விரைந்து அழிதல் அறியப்பட்டது.

இவ்வழிவால் விளையும் நன்மை யாது? குறைச்சங்கிலி உண்டாகாமையால், ஒற்றைப் பழுதுடையோர் மற்றைய நல்லலகின் துணையால் நலமுடன் வாழ்கின்றனர். பழுது தூதின் கடைப்பகுதியில் அமைந்து காவலுக்குத் தப்பின், குறைச்சங்கிலிகள் திரண்டு குருதிக்கலங்களைக் கெடுக்கும். அப்பொழுது ஒற்றைப் பழுதே நோயாதலும் உண்டு.

ஆயினும், தாய் தந்தை இருவரும் பழுதைத் தாங்கின், ஒவ்வொரு மகவுக்கும் நான்கிலொரு பங்கு கடுநோய் வாய்ப்புண்டு. அம்மகவு வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்கவும், அதனால் உடலிற் சேரும் இரும்பை நீக்க மருந்துண்ணவும் நேரும். குருநாகல் தேசிய தலசீமியா நிலையத்தில் இத்தகைய சிறார் பலர் சிகிச்சை பெறுகின்றனர். பழுது தாங்குவோரை எளிய குருதிச் சோதனையால் அறியலாம். ஆதலின், மணப்பொருத்தம் நோக்கும் பழைய மாணவர் தம் மக்களின் குருதியையும் முன்னரே சோதிப்பித்தல் நன்று. இன்று பயிலும் மாணவரும் இதனை மனங்கொள்வாராக.