பழைய லேப்டாப்பில் திரை வெளிச்சம்: லினக்ஸுக்குப் புதிதாய் வந்த பிள்ளைகளுக்கு

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றையும், அந்தக் காலத்தில் வாங்கிய மற்ற லேப்டாப்களையும் எடுத்து லினக்ஸ் போட்டு வீட்டில் சின்னவர்களுக்குக் கொடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது. வைஃபை, ஒலி எல்லாம் அமைந்துவிடும். திரை வெளிச்சம் மட்டும் அடம் பிடிக்கும். அதற்காக அந்த லேப்டாப்பை மறுபடி மூடி வைக்காதீர்கள்.

1. கட்டளை தட்டுவதற்கு முன்னால் டார்ச்சை எடுங்கள். திரை இருண்டு கிடந்தால், செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, பின்னொளிதான் எரியவில்லை. பயாஸ் திரையிலும் அப்படியே இருந்தால் அது லினக்ஸின் குற்றமில்லை. மிகப் பழைய மாடல்களில் பின்னொளிக்கு எல்இடி கிடையாது, மெல்லிய குழல் விளக்கு. அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் போயிருக்கலாம். அதை ரிப்பேர் கடையில்தான் பார்க்க வேண்டும்.

2. வெளிச்ச விசையை அழுத்தும்போது திரையில் அளவுப் பட்டை ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். பட்டை நகர்ந்தும் வெளிச்சம் மாறவில்லை என்றால் விசைப்பலகையில் குறை இல்லை. உத்தரவு தவறான இடத்துக்குப் போகிறது.

3. அந்த இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். டெர்மினலில் சிஸ், அதற்குள் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்று இறங்குங்கள். இன்டெல் பேக்லைட் என்று ஒரு கோப்பகமும், ஏசிபிஐ வீடியோ பூஜ்யம் என்று இன்னொன்றும் இருக்கலாம்; புதிய கெர்னலில் ஒன்று மட்டுமே இருக்கும். முதலாவது கிராஃபிக்ஸ் டிரைவருடையது; இரண்டாவது பயாஸ் வழியாகப் போவது. ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் வைத்து, ஒன்றுக்கு மட்டும் வயர் இழுத்த மாதிரி பல பழைய மாடல்களில் இது அமைந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் மேக்ஸ் பிரைட்னஸ் என்ற கோப்பைத் திறந்தால் உச்ச அளவு தெரியும். ஏசிபிஐ பக்கம் பெரும்பாலும் 10 அல்லது 15 என்று சின்ன எண்ணாக இருக்கும். இன்டெல் பக்கம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். உச்சத்தில் பாதியை பிரைட்னஸ் கோப்பில் எழுதுங்கள், திரையைப் பாருங்கள். எதில் எழுதினால் வெளிச்சம் மாறுகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சுடோ போட்டு எக்கோ கொடுத்து, அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளினாலும் அனுமதி இல்லை என்றே வரும். சுடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான். கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு ரூட் அதிகாரம் கிடையாது. எக்கோவின் விடையை பைப் வழியாக சுடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள், எழுதிவிடும். பூஜ்யத்தை மட்டும் எழுதாதீர்கள். சில லேப்டாப்களில் பின்னொளி முழுக்க அணைந்துவிடும்.

4. அடுத்தது கெர்னலுக்குச் சொல்வது. ஏசிபிஐ பேக்லைட் என்ற அளவுருவுக்கு நேட்டிவ், வெண்டர், வீடியோ என்று மதிப்புகள் உண்டு. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது வெளிச்சத்தைக் கிராஃபிக்ஸ் டிரைவரே நேராகக் கையாளத் தொடங்கியது. அதன் பிறகு வந்த பல லேப்டாப்களில் பயாஸ் வழி பெயருக்குத்தான் இருந்தது. கெர்னல் 6.1 முதல் ஒரு திரைக்கு ஒரே வழியை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதன் தேர்வு உங்கள் மாடலுக்குப் பொருந்தாதபோது இந்த அளவுரு கைகொடுக்கும்.

உடனே கோப்பைத் திருத்த வேண்டாம். லேப்டாப்பைத் திறக்கும்போது வரும் கிரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் இந்த அளவுருவை ஒரு மதிப்போடு சேர்த்து, எஃப் 10 அழுத்துங்கள். இது அந்த ஒரு முறைக்கு மட்டும். சரிவராவிட்டால் மறுதொடக்கத்தில் பழையபடி ஆகிவிடும். சரிவந்த பிறகே ஈடிசி டீஃபால்ட் கிரப் கோப்பில் எழுதி, உபுண்டு, டெபியன் போன்றவற்றில் அப்டேட் கிரப் கட்டளையைக் கொடுங்கள்.

5. எக்ஸ்ரேண்டர் கட்டளையால் பிரைட்னஸ் குறைப்பதை மருந்தாக எண்ணாதீர்கள். அது படத்தின் நிறத்தைத்தான் கருக்குகிறது. பின்னால் விளக்கு முழுசாக எரியும், பேட்டரியும் அப்படியே கரையும்.

6. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் திரை மங்கலாகவே வந்தால், சிஸ்டம்டி பேக்லைட் சேவையை நினைவில் வையுங்கள். அணைக்கும்போது இருந்த அளவைக் குறித்துவைத்து, திறக்கும்போது அதையே போடுவது அதன் வேலை.

7. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நாலு அளவுருக்களைச் சேர்த்துப் போட்டு வெளிச்சம் வந்துவிட்டால், எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, உதவி கேட்பவருக்கும் சொல்ல முடியாது.

8. தீர்ந்ததும் மாடல் பெயர், கெர்னல் எண், பலித்த அளவுரு மூன்றையும் கெர்னல் உருவாக்குநர்களுக்குத் தெரிவியுங்கள். கெர்னலின் மூல நிரலில் வீடியோ டிடெக்ட் என்ற கோப்பு இருக்கிறது. எந்த மாடலுக்கு எந்த வழி என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. பயனர்கள் சொல்லச் சொல்லத்தான் அது வளர்ந்தது. உங்கள் மாடலும் அதில் சேர்ந்துவிட்டால், அதே லேப்டாப் வைத்திருக்கும் இன்னொரு பிள்ளை எதையும் தட்டாமலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தயவுசெய்து அந்த ஒரு கடிதத்தை எழுதுங்கள்.