விடுதிக்குப் பெட்டி கட்டும் முன் ஒரு ஊசி

அக்கா மகன் இங்கே சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் என்று எங்கள் வீட்டுக்கு வந்தவனுக்கு, ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ என்று தெரிந்தது. அவனைக் கவனித்துக்கொண்டபோது தெரிந்துகொண்டவை இவை.

தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்: "காமாலை ஊசிதான் பிறந்ததுமே போட்டாச்சேடி" என்றாள் அக்கா. அது ஹெபடைடிஸ் பி. அரசு இலவசமாகப் போடுவது அதைத்தான். ஏ-வுக்குத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று போட்டால் மற்றது வராது என்பதில்லை.

வளர்ந்தவர்களைத்தான் வாட்டும்: சின்ன வயதில் இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் வெளியே தெரியாமலே போய்விடும், எதிர்ப்புச் சக்தியும் ஆயுளுக்கும் நிற்கும். டாக்டர் எனக்கும் என் கணவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அந்த எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இருந்தது. கேன் தண்ணீரில் வளர்ந்த மகளுக்கு இல்லை.

தள்ளிப்போடாதீர்கள்: கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே நோயாளியிடமிருந்து கிருமி பரவுகிறது. தொடர்பு ஏற்பட்ட 2 வாரத்துக்குள் ஊசி போட்டால் தடுக்க வாய்ப்பு உண்டு என்பதால், மகளுக்கு மறுநாளே போட்டோம்.

கணக்கு போட்டுப் போடுங்கள்: 1 வயது நிறைந்தவர்கள் முதல் யாரும் போடலாம். செயலிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசி என்றால் 2 தவணை; இடைவெளி குறைந்தது 6 மாதம். வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி ஊசி ஒரே தவணைதான். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் ஆகாது. பலன் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும் என்பதால், பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு முதல் தவணை, பொங்கல் விடுமுறையில் அடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சோப்பை விடாதீர்கள்: இந்தக் கிருமிக்கு சானிட்டைசரை நம்ப முடியாது, சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும். இந்த ஊசி டைஃபாய்டைத் தடுக்காது. ஆகவே கொதித்து ஆறிய தண்ணீர், ஐஸ் போடாத ஜூஸ் என்ற பழக்கம் ஊசிக்குப் பிறகும் தொடரட்டும்.

தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் பிள்ளையின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வெளியூர் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.