நெஞ்சு படபடக்கிறதா? ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாதீர்கள்!

* சாதாரண இ.சி.ஜி. சுமார் 10 விநாடித் துடிப்பைத்தான் பதிவு செய்யும். வந்து வந்து போகும் படபடப்பைப் பிடிக்க 24 மணி நேர ஹோல்டர் பரிசோதனை உதவும்.

* ஹோல்டர் ரிப்போர்ட்டில் 'வி.பி.சி.' என்றிருந்தால், அது முந்திக்கொண்டு வரும் துடிப்பு. ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். எண்ணிக்கை அதிகமா என்பதை டாக்டர் சொல்வார்.

* எக்கோ எனும் இதய ஸ்கேனில் 'இ.எஃப்.' 55 - 70 சதவிகிதம் என்றால், இதயம் ரத்தத்தை நன்றாகவே பம்ப் செய்கிறது.

* ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, அதிக காபியாலும் படபடப்பு வரலாம். ஹீமோகுளோபின், டி.எஸ்.ஹெச். பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* படபடப்பு வந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

* படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால், பழைய ரிப்போர்ட் நார்மல் என்று இருந்துவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.